மணலில் மின்னுவது தங்கமா, காக்காப்பொன்னா? ஓடையில் அலசிப் பார்ப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

வைகையில் தண்ணீர் வடிந்து நாலு நாள் வெயில் அடித்தால் போதும், ஆற்று மணலில் பொன்னிறப் பொடி மின்னத் தொடங்கிவிடும். சோழவந்தான் பக்கம் ஆற்றில் இறங்கினாலும் சரி, அழகர்மலை அடிவாரத்து ஓடையில் கால் நனைத்தாலும் சரி, சிறுமலையிலிருந்து இறங்கும் சாத்தையாற்றில் நின்றாலும் சரி, ஒரு கை மணலை அள்ளி வெயிலில் திருப்பிப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். "இது தங்கமா இருக்குமோ?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. பெரியவர்களும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. பதில் தெரிந்துகொள்ள யாருக்கும் காசு கொடுக்கவும் வேண்டாம். ஒரு சட்டி, ஒரு ஊசி, ஒரு பீங்கான் துண்டு இருந்தால் நீங்களே முடிவுக்கு வந்துவிடலாம்.

கீழே வரும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நிறத்தைப் பின்னால் பாருங்கள், முதலில் கனத்தைப் பாருங்கள். மஞ்சளாக மின்னும் பொருள் எத்தனையோ இருக்கிறது. மஞ்சளாகவும் இருந்து, சம அளவு தண்ணீரைப் போல 19 மடங்கு கனமாகவும் இருந்து, ஊசியால் குத்தினால் உடையாமல் பள்ளம் விழுவது தங்கம் மட்டும்தான்.

நம்ம பக்கத்து மணலில் என்ன இருக்கிறது

மதுரையைச் சுற்றியுள்ள பாறைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ், கிரானைட் வகைகள். மேலூர்ப் பக்கம் வெட்டி ஏற்றுமதியான கல்லும் இந்தக் கூட்டம்தான். இந்தப் பாறைகளில் பயோடைட் என்ற கருப்பு மைக்கா, அதாவது ஏடு ஏடாகப் பிரியும் மினுக்கக் கனிமம், நிறைய உண்டு. பாறை உடைந்து, மழையிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் கிடக்கும்போது அந்த மைக்கா வெளிறி, முதலில் வெண்கல நிறத்துக்கும் அப்புறம் பொன்னிறத்துக்கும் வந்துவிடும். நம்ம ஊரில் காக்காப்பொன் என்று சொல்வது இந்த மைக்காவைத்தான். வைகை மணலில் நீங்கள் பார்க்கும் மினுக்கத்துக்கு இதுதான் காரணம்.

தங்கம் உருவாகும் இடம் வேறு. பெரும்பாலும் அது வெங்கச்சங்கல் நரம்புகளில், அதாவது பாடப்புத்தகம் குவார்ட்ஸ் என்று சொல்லும் வெள்ளைக் கல் பாறைக்குள் கோடு கோடாக ஓடும் இடங்களில் இருக்கும். அந்தப் பாறை கரைந்து ஓடைக்கு வந்தால்தான் மணலில் தங்கம் சேரும். கோலார் அப்படிப்பட்ட பூமி. அங்கே சுரங்கத்தை 2001-ல் மூடிவிட்டார்கள். தமிழ்நாட்டுக்குள் நீலகிரி மாவட்டத்தில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் உண்டு. 1880-ஐ ஒட்டிய வருடங்களில் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கி, பங்கு விற்று, இயந்திரம் இறக்கினார்கள். எதிர்பார்த்த தங்கம் வரவில்லை, கொஞ்ச வருடத்திலேயே பெரும்பாலானவை மூடப்பட்டன. அந்த மலைப் பக்கத்திலும் அதற்குக் கீழே கேரளத்து நிலம்பூரிலும் ஓடை மண்ணை மரவையில் அலசித் தங்கப்பொடி எடுக்கும் தொழில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. மதுரை மாவட்டத்தில் தங்கச் சுரங்கம் எதுவும் இயங்கவில்லை. ஆகவே இங்கே அலசுவதைப் பயிற்சியாகவும் பாறையைப் படிக்கும் பாடமாகவும் எடுத்துக்கொண்டால் மனசு நோகாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஈராயிரம் வருடத்துக்கு மேல் மனிதர்கள் வாழ்ந்த கரை இது. கீழடி அகழாய்விலேயே தங்க அணிகலன் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதனால் நம்ம பக்கம் மண்ணில் உண்மையான தங்கம் அகப்பட்டால், அது மலையிலிருந்து உருண்டு வந்ததாக இருப்பதைவிட, யாரோ அணிந்திருந்த நகையின் துண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழங்கால நாணயமோ நகையோ கிடைத்தால் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதற்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

போவதற்கு முன்னால்

ஆற்று மணலை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துவருவது குற்றம். அனுமதியில்லாமல் மணல் அள்ளினால் வழக்கு வரும், அது நியாயமும்கூட. வைகை ஏற்கெனவே மணல் இழந்து கிடக்கும் ஆறு. ஒரு சட்டி மண்ணை அங்கேயே அலசிப் பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிடுங்கள். கரையைத் தோண்டாதீர்கள், மரத்தின் வேரைக் கிளறாதீர்கள். வைகை பிறக்கும் வருசநாடு, மேகமலைப் பக்கம் 2021-லிருந்து புலிகள் காப்பகம், அங்கே உள்ளே போகவே அனுமதி வேண்டும். அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு வெளியே நில்லுங்கள். மலையில் மேகம் கட்டினால் ஓடையை விட்டு மேலே ஏறிவிடுங்கள். மேலே பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே வந்து சேரும்.

எடுத்துப் போக வேண்டியவை

சித்தாள் சுமக்கும் சாந்துச் சட்டியில் கருப்பு பிளாஸ்டிக்கில் வருவது ஒன்று. எவர்சில்வர் தாம்பாளம் வேண்டாம். அது தானே பளபளக்கும், பொடி எது பாத்திரம் எது என்று கண் ஏமாறும். மணல் சலிக்கும் சல்லடை, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், அதைச் சுற்ற ஒரு பாலிதீன் பை, தையல் ஊசி, நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே அந்தப் பத்து மடங்கு லென்ஸ், மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் கொஞ்சம். வீட்டில் ஒரு பழைய பீங்கான் கோப்பை இருக்கட்டும்.

படி 1: எந்த மண்ணை அள்ளுவது

கனமான பொருள் தண்ணீரின் வேகம் குறையும் இடத்தில்தான் உட்காரும். ஓடை வளையும் இடத்தில் வளைவின் உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு, இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள். மேலாக மின்னும் மணலை விட்டுவிடுங்கள், அது லேசானது என்பதால்தான் மேலே கிடக்கிறது. வெடிப்புக்குள் இறுகிக் கிடக்கும் மண்ணைக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். சல்லடையில் போட்டுக் கூழாங்கல்லைப் பிரித்துவிட்டு, சட்டியில் பாதிக்கும் குறைவாக நிரப்புங்கள்.

படி 2: அலசுதல்

நம்ம வீட்டில் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கைப்பக்குவம்தான் இங்கேயும், அங்கே கல்லை ஒதுக்குவோம், இங்கே அடியில் தங்குவதை வைத்துக்கொள்வோம். சட்டியைத் தண்ணீருக்குள் முழுக்கி, களிமண்ணைக் கையால் பிசைந்து கரைத்து விடுங்கள். கலங்கல் போனதும் சட்டியை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். இந்த ஆட்டத்தில்தான் கனமானது அடிக்கு இறங்குகிறது. அவசரப்பட்டு இந்த இடத்தைச் சுருக்குகிறவர்கள்தான் அதிகம். நன்றாக ஆட்டியபிறகு சட்டியை முன்னால் சாய்த்து, மேல்மணலைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும்படி விடுங்கள். மறுபடி ஆட்டம், மறுபடி சாய்ப்பு. சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் நல்லது, இல்லையென்றால் மிக நுண்ணிய தங்கப்பொடி தண்ணீரின் மேல் மிதந்தே போய்விடும்.

வெள்ளை மணல் போய், அடியில் ஒரு கரண்டி கருமணல் மிஞ்சும். மேக்னடைட், இல்மனைட், செந்நிறக் கார்னெட் எல்லாம் கலந்த மண் அது. மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம், மேக்னடைட் ஐந்து மடங்குக்குச் சற்று மேல், அதனால்தான் இது தங்குகிறது. கருமணல் வந்துவிட்டதால் தங்கமும் வரும் என்று அர்த்தமில்லை. உங்கள் கை சரியாக ஆடுகிறது என்றுதான் அர்த்தம்.

முதல் விடை இந்தக் கட்டத்திலேயே கிடைத்துவிடும். சட்டியை லேசாகச் சாய்த்து, கொஞ்சம் தண்ணீரை ஒரு ஓரத்திலிருந்து சுழல விடுங்கள். மின்னும் பொருள் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். காக்காப்பொன் தண்ணீரோடு எழும்பும், புரளும், தகடு தகடாகத் திரும்பித் திரும்பி மின்னிக்கொண்டே கருமணலைத் தாண்டி வெளியே போய்விடும். தங்கமாக இருந்தால் கருமணல் நகர்ந்த பிறகும் அது மட்டும் பின்னால் கிடக்கும், இருந்த இடத்தை விட்டு அசையவே யோசிக்கும். தண்ணீரோடு ஓடியது தங்கமாக இருந்திருக்குமோ என்று ஏங்க வேண்டாம். கருமணலே தங்கியிருக்கும்போது ஓடிப்போகும் அந்த அளவுத் தகடு தங்கமாக இருக்காது.

படி 3: நிழலில் பார்த்தல்

சந்தேகமான துகளை ஊசி முனையில் ஒற்றி எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். வெயிலில் பாருங்கள், அப்புறம் உங்கள் உடம்பின் நிழல் விழும்படி திரும்பி நின்று பாருங்கள். காக்காப்பொன் வெயிலில் கண்ணைப் பறிக்கும், நிழலுக்கு வந்ததும் பழுப்பாகச் செத்துப்போகும். கையை மெல்லச் சாய்த்தால் ஒரு கோணத்தில் பளிச்சென்றும் அடுத்த கோணத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். தங்கம் எந்தப் பக்கம் திருப்பினாலும், வெயிலோ நிழலோ, அதே மஞ்சள்தான். வெயிலில் அவ்வளவாகப் பளபளக்காது, நிழலில் மங்கிவிடவும் செய்யாது.

லென்ஸில் வடிவத்தையும் பாருங்கள். ஓடையில் உருண்டு வந்த தங்கத்துக்குக் கூர்மையான ஓரம் இருக்காது, தட்டையாகவோ மழுங்கியோ இருக்கும். பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்து பொன்போல மின்னும் கனிமம், பெரும்பாலும் கனசதுரமாக, பக்கங்களில் மெல்லிய கோடு கோடாக இருக்கும். மைக்கா ஏட்டுக்கட்டு போல அடுக்கடுக்காகத் தெரியும்.

படி 4: ஊசி

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பொய் சொல்லாது, தங்கமாக இருந்தால் அழியவும் செய்யாது. துகளைக் கட்டியான அட்டையில் வைத்து, லென்ஸில் பார்த்துக்கொண்டே ஊசி முனையால் நடுவில் அழுத்துங்கள். மைக்காவாக இருந்தால் முனை ஏட்டுக்குள் புகுந்து, ஓரத்திலிருந்து மெல்லிய தகடு ஒன்று பிரிந்து எழும். அதையும் பிரித்தால் இன்னும் மெல்லியதாக ஒன்று வரும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம்கூடத் தெரியும். பைரைட் என்றால் ஊசி வழுக்கும், இன்னும் அழுத்தினால் பொடிந்து தெறிக்கும். தங்கம் இரண்டும் செய்யாது. முனை பட்ட இடத்தில் சின்னப் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்துக்குள்ளும் அதே மஞ்சள் இருக்கும்.

கொஞ்சம் பெரிய துகள் என்றால் இரும்பு எடைக்கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தங்கம் விரியும். ஒரு கிராம் தங்கத்தை ஒரு சதுர மீட்டர் அளவுக்கு ரேக்காக அடிக்க முடியும் என்பது இந்தக் குணத்தால்தான். பைரைட் தூளாகிவிடும்.

படி 5: பீங்கானில் கோடு

கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். துகள் கையில் பிடிக்கிற அளவு இருந்தால் அங்கே இழுத்துப் பாருங்கள். தங்கம் மஞ்சள் கோடு போடும். பைரைட்டும், அதோடு செம்பும் சேர்ந்த சால்கோபைரைட்டும் வெளியே பொன்னாக மின்னினாலும் கோடு பச்சை கலந்த கருப்பு. மைக்கா வெள்ளையாகவோ சாம்பலாகவோ உதிரும், சரியான கோடே விழாது.

பைரைட் நம்ம ஓடைகளில் அவ்வளவாகக் கிடைக்காது, வெளியே வந்து மழையில் நனைந்தால் துருவாக மாறிவிடும். குவாரியில் புதிதாக உடைத்த கருங்கல் ஜல்லியில்தான் சிலசமயம் பித்தளை நிறப் புள்ளியாகத் தெரியும். வீடு கட்ட இறக்கிய ஜல்லியில் தங்கம் இருக்கிறது என்று பரபரப்பாவது இதைப் பார்த்துத்தான்.

படி 6: சூடு

பழைய இரும்புக் கரண்டியில் துகளை வைத்து, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி அணிந்துகொண்டு சூடாக்குங்கள். வெளிறிய காக்காப்பொன் நன்றாகச் சூடேறியதும் ஏடு ஏடாக விரிந்து புழுவைப் போல நீண்டு எழும். ஏடுகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் ஆவியாகித் தள்ளுவதால் இப்படி. குழந்தைகளை எட்ட நிறுத்திக் காட்டினால் ரசித்துப் பார்ப்பார்கள். பைரைட் கருத்து, எரிந்த தீக்குச்சியின் கந்தக நெடி அடிக்கும், ஆறியபின் காந்தத்தில்கூட ஒட்டலாம். தங்கம் 1064 டிகிரியில்தான் உருகும் என்பதால் அடுப்புச் சூட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். நெடியை முகர்ந்து பார்க்கக் குனியாதீர்கள். வெள்ளி நிறமாக மின்னும் கல்லை மட்டும் சூடாக்கவே வேண்டாம், ஆர்சனிக் கலந்த கனிமமாக இருக்கலாம்.

படி 7: எடையும் தண்ணீரும்

துகள் அல்ல, கட்டியே கிடைத்துவிட்டது என்று யாராவது வந்தால் இதைச் செய்து காட்டுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முதலில் கட்டியை எடை போடுங்கள். அப்புறம் டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணை பூஜ்யமாக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவதால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

கட்டி 3.80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் தொங்கும்போது 0.20 காட்டினால் விடை 19, கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். 0.45 காட்டினால் 8.4, அது பித்தளை. 0.76 காட்டினால் 5, அது பைரைட். இயற்கையில் கிடைக்கும் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும் என்பதால் 15-லிருந்து 18 வரை வந்தாலும் நல்ல சேதிதான். வெங்கச்சங்கல் ஒட்டியிருந்தால் இன்னும் குறையும், அப்போது மட்டும் மற்றச் சோதனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே ஒட்டும் காற்றுக் குமிழிகளை ஊசியால் தட்டிவிட மறக்காதீர்கள்.

படி 8: ஆசாரியிடம்

இத்தனையும் தாண்டினால் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போகலாம். பட்டறையில் இருக்கும் ஆசாரி உரைகல்லில் உரைத்து, மாற்று, அதாவது தங்கத்தின் தரம், தெரிந்த ஆணியின் கோட்டோடு ஒப்பிட்டு, மேலே திராவகம் தொட்டு வைப்பார். பித்தளைக் கோடு நுரைத்து மறையும், தங்கக் கோடு நிற்கும். பொடியாக இருந்தால் வெங்காரம் சேர்த்து உருக்கிக் காட்டச் சொல்லுங்கள். தங்கம் திரண்டு ஒரு மணியாக உருளும், மைக்கா எவ்வளவு இருந்தாலும் மணி ஆகாது. திராவகத்தை நீங்களே வாங்கி வீட்டில் செய்து பார்க்காதீர்கள், தோலும் கண்ணும் போய்விடும்.

மதுரையில் தங்கத்தை அலசி எடுக்கும் உண்மையான இடமும் நகைப் பட்டறைகள்தான். பட்டறைத் தூசியையும் வாசலில் கூட்டிய மண்ணையும் சாக்கடைச் சேற்றையும் வாங்கி அலசிப் பிழைக்கிறவர்கள் உண்டு. ராவும்போதும் அறுக்கும்போதும் தெறித்த பொடி அதில் இருக்கிறது. அவர்களுக்குக் காக்காப்பொன் தொல்லை இல்லை, பித்தளைப் பொடியும் செம்பும் ஈயமும்தான் தொல்லை. பித்தளை எட்டரை மடங்கு கனம் என்பதால் மணலோடு ஓடாமல் தங்கத்தோடு சேர்ந்து உட்கார்ந்துவிடும். அதைக் கண்ணாலும் கையாலும் பிரிக்கிற அவர்களுடைய திறமைக்கு எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. பொடியைத் திரட்டப் பாதரசம் சேர்த்துச் சூடாக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்த ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வீட்டுக் குழந்தைகளையும் விடாது. யார் சொல்லிக் கொடுத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

விற்க வருகிறவர்களிடம்

ஆற்றில் அரித்த பொன்மணல், தோண்டும்போது கிடைத்த புதையல் என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறவர்கள் வருவார்கள். சோதிக்க அவர்களே ஒரு துண்டு கொடுப்பார்கள், அது நிஜத் தங்கமாகவே இருக்கும். மிச்சம் முழுக்கப் பித்தளை ராவிய பொடி. ஆகவே மாதிரியை நீங்கள் எடுக்க வேண்டும், பையின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சம்மதித்தாலும் வாங்க வேண்டாம். புதையலை வாங்குவதும் விற்பதும் சட்டத்தில் மாட்டும்.

ஒருவேளை உங்கள் சட்டியில் எல்லாச் சோதனையும் தாண்டிய துகள் ஒன்று தங்கிவிட்டால், அதைத் தனிக் குப்பியில் தண்ணீரோடு போட்டு, ஓடையின் பெயர், எடுத்த இடம், பாறை வெடிப்பா வளைவா என்பது, தேதி, எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். கூட இருந்த கருமணலையும் கொட்டிவிடாமல் ஒரு சிட்டிகை தனியாக வையுங்கள், எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அரசின் அனுமதி இல்லாமல் பூமிக்கடியில் இருக்கும் தங்கத்தை யாரும் தோண்டக்கூடாது, அதனால் அடுத்த வேலை புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் போய்க் காட்டுவது. போகும்போது குப்பியோடு இடத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.